மறு: பிரிவின் நீலப் பின்னணி ஓரம் வரை போகவில்லை

வலைப்பக்கத்தின் ஒரு பிரிவுக்கு விட்த் 100% கொடுத்தும் அதன் நீலப் பின்னணி திரையின் ஓரம் வரை போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அந்த நீலப் பிரிவு 1200 பிக்சல் மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) உள்ள கன்டெய்னருக்குள் (உள்ளடக்கத்தைச் சூழும் வெளிப்பெட்டி) மாட்டியிருக்கிறது. விட்த் 100% என்பது பிரவுசரின் அகலம் அல்ல, வெளி டிவ்வின், அதாவது அந்தக் கன்டெய்னர் பெட்டியின், அகலம். அதனால்தான் இருபுறமும் வெள்ளை. 100 வி.டபிள்யூ (பிரவுசர் சன்னலின் முழு அகலம்) போட்டதும் கீழே ஸ்க்ரோல்பார் வந்ததில் ஆச்சரியமில்லை: பிரிவு தொடங்குவது கன்டெய்னரின் இடது ஓரத்தில், அங்கிருந்து முழு அகலம் நீண்டால் வலப்பக்கம் வழியத்தான் செய்யும்.

எச்டிஎம்எல்லில் கை வைக்க முடியுமென்றால் பிரிவைக் கன்டெய்னருக்கு வெளியே எடுங்கள். நிறம் பிரிவுக்கு, 1200 பிக்சலும் மார்ஜின் ஆட்டோவும் (இருபுற இடைவெளியைச் சமமாக்கி நடுவில் வைப்பது) அதற்குள் போடும் டிவ்வுக்கு. இதுதான் சுத்தமான வழி.

டெம்ப்ளேட்டைத் தொட முடியாதென்றால், பிரிவுக்கு விட்த் ஆட்டோ வைத்து, மார்ஜின்-இன்லைனில் (இட, வல வெளி இடைவெளி) கால்க் (கணக்கிடும் ஃபங்ஷன்) போட்டு 50 சதவீதத்திலிருந்து 50 வி.டபிள்யூவைக் கழியுங்கள். வி.டபிள்யூ வலப்பக்க ஸ்க்ரோல்பாரையும் சேர்த்தே எண்ணும். விண்டோஸில் சில பிக்சல் மிஞ்சும். அதற்கு பாடியில் (முழுப் பக்கத்தையும் தாங்கும் உறுப்பு) ஓவர்ஃப்ளோ-எக்ஸ் கிளிப் (பக்கவாட்டில் வழிவதை வெட்டுவது) போடுங்கள். அவசரத்தில் கன்டெய்னருக்கு ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டுவிடாதீர்கள், பிரிவே வெட்டுப்படும். உள்ளே ஸ்டிக்கி மெனு (ஸ்க்ரோல் செய்தாலும் மேலே ஒட்டி நிற்பது) இருந்தால் அதுவும் ஒட்டாது.

அப்புறம், சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால் அது பாடிக்கு பிரவுசரே தரும் 8 பிக்சல் மார்ஜின். பூஜ்யமாக்குங்கள்.