வேகத்துக்கு அப்பால்: டெத் மெட்டலும் பியானோவும்

கேள்வி: எட்டு ஆண்டுகளாக மேற்கத்திய பியானோ பயின்று வருகிறேன். கல்லூரித் தோழர்கள் எனக்கு டெத் மெட்டல் என்ற அதிவேக, முரட்டு ராக் இசை வகையை அறிமுகப்படுத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ மேதைகளான ஷோப்பானும் லிஸ்டும் எழுதியவற்றை வாசிப்பவர்களைவிட இந்தக் கலைஞர்களே திறமையானவர்கள் என்பது அவர்கள் கட்சி. என் ஆசிரியையோ, “அது வெறும் வேகம்” என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேகக் கணக்கை முதலில் பார்த்து முடித்துவிடுவோம். 1833-இல் வெளிவந்த ஷோப்பானின் ஓபஸ் 10 என்ற தொகுப்பிலுள்ள எட்யூடுகளில் (பயிற்சிக்கான இசைத்துண்டுகளில்) இரண்டாவதற்கு அச்சில் உள்ள காலப்பிரமாணம் நிமிடத்துக்கு 144 தட்டு. தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நொடிக்கு ஒன்பதரைக்குச் சற்று மேல் வருகிறது. டெத் மெட்டலில் 240 தட்டு என்பது அரிய வேகமன்று. அந்த வேகத்தில் டிரம்மரின் இரு கால்களும் மாறிமாறி, பேஸ் டிரம் என்ற பெரிய முரசின் பெடலைத் தட்டுக்கு நான்காக மிதிக்கும்போது நொடிக்கு 16 அடிகள் விழுகின்றன. எண்ணிக்கையில் உங்கள் தோழர்கள் வென்றுவிட்டார்கள். ஆனால் இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இரு கலைகளில் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

நீங்கள் அந்த எட்யூடை வாசித்துப் பார்த்திருந்தால் நான் சொல்லவருவது உங்கள் கைக்கே தெரியும். வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றும் மட்டுமே அரைச்சுர வரிசையில் ஏறி இறங்க வேண்டும். அதே கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒவ்வொரு தட்டின் தொடக்கத்திலும் ஒரு சிறிய ஸ்வரக்கூட்டைத் தொட்டுவிட்டு உடனே விலக வேண்டும். நடுவிரல் சுண்டுவிரலின் மேலே தாண்டிப் போகும் இடத்திலும் கோடு அறுபடக் கூடாது. ஒலியும் மெல்லியதாகவே இருக்க வேண்டும். ஒரே கைக்குள் பலமான விரல்களை அடக்கி, பலவீனமான விரல்களைப் பேசவைப்பதுதான் இங்கே சவால். பியானோவின் வித்தகம் பெரும்பாலும் இத்தகையது: பத்து விரல்களுக்கும் பத்து விதமான எடையைப் பகிர்ந்து கொடுத்து, எந்தக் குரல் (ஒரே நேரத்தில் ஓடும் இசைக்கோடுகளில் ஒன்று) முன்னே வரவேண்டும், எது நிழலாக நிற்கவேண்டும் என்று ஒவ்வொரு நொடியும் தீர்மானிப்பது.

டெத் மெட்டல் கலைஞரிடம் வேண்டுவது இதற்கு நேர் எதிரானது. கிட்டாரில் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியை மின்னணு முறையில் கரகரப்பாக்கும் விளைவைக் கூட்டும்போது மெல்லத் தொட்டாலும் ஓங்கி மீட்டினாலும் ஒலியளவு ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. பியானோக்காரரின் தலையாய ஆயுதம் அங்கே பறிபோய்விடுகிறது. எஞ்சுவது சீர்மை. ஒருமுறை ஒத்திகை அறையொன்றில் ஒரு கிட்டார் கலைஞருக்கு ஒரு கை தூரத்தில் அமர்ந்திருந்தபோது, ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன். பிக் எனப்படும் மீட்டும் சில்லு கம்பியில் உரசும் ஒலி மட்டுமே கேட்டது; தையல் இயந்திரம் போல ஒரே சீராக, மணிக்கட்டு ஓர் அரிசிமணி அளவுகூட விலகாமல் அது ஓடிக்கொண்டிருந்தது. அதைவிட என்னை வியக்கவைத்தது, அவர் வாசிக்காத கம்பிகளுக்குத் தந்த கவனம். வலக்கையின் அடிப்பகுதி கீழ்க்கம்பிகளை அழுத்தி ஊமையாக்கியது. இடக்கையில் ஓய்விலிருந்த விரல்கள் மற்றக் கம்பிகளின் மேல் இலேசாகப் படிந்திருந்தன. அவ்வளவு டிஸ்டார்ஷனில் ஒரு கம்பி தற்செயலாக அதிர்ந்தாலும் அது அலறிவிடும். நாம் கேட்கும் ஒவ்வொரு தெளிவான ஸ்வரத்துக்கும் பின்னால் கேட்கவிடாமல் தடுக்கப்பட்ட ஐந்து கம்பிகள் இருக்கின்றன.

மற்றொரு வேறுபாடு, பியானோவில் ஒருவர் தனித்து நிற்கிறார், மெட்டலில் நான்கைந்து பேர் ஒருவராக வேண்டும். சுவீடனைச் சேர்ந்த மெஷுகா குழுவினரின் ‘ப்ளீட்’ என்ற பாடலை (2008) எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மர் தாமஸ் ஹாகேயின் கால்கள் இரண்டு விரைந்த அடி, இரண்டு நிதானமான அடி என்ற சொற்கட்டைப் பாடலின் பெரும்பகுதியில் விடாமல் போட்டுக்கொண்டிருக்க, கைகள் அதற்குச் சம்பந்தமே இல்லாததுபோல நேரான நான்கு தட்டுகளைக் காத்து நிற்கின்றன. கிட்டார்கள் அந்தக் கால்களோடு அடிக்கு அடி பொருந்த வேண்டும். பாடல் ஏழு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. ஒருவர் மயிரிழை பிந்தினாலும் சுவர் போல நிற்க வேண்டிய ஒலி கலங்கிவிடும். தனி ஒரு பியானோ கலைஞர் காலத்தைச் சற்று இழுத்தும் தளர்த்தியும் உணர்ச்சியைச் சொல்லலாம். இவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே உங்கள் ஆசிரியை சொன்னதில் ‘வெறும்’ என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன். உங்கள் தோழர்களிடம், ஒரே மெல்லிய தொனிக்குள் மூன்று குரல்களைப் பிரித்துக் காட்டுவதன் கடினத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். இரு உலகங்களும் வியக்கத்தக்க அளவு நெருங்கிவரும் இடம் ஒன்றும் உண்டு: ஷோப்பானின் இரண்டாவது சொனாட்டாவின் இறுதிப் பகுதி. ஒன்றரை நிமிடம் போல, இரு கைகளும் ஒரே கோட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில், ஏறக்குறைய முடிவுவரை ஒரே அடங்கிய ஒலியில் ஓட்டுகின்றன. பாடத்தக்க மெட்டும் இல்லை, மூச்சுவிட இடமும் இல்லை. அது இசையைவிடக் கேலியையே ஒத்திருக்கிறது என்று அவர் காலத்து இசையமைப்பாளர் ஷூமன் எழுதினார். ஷோப்பானின் அருமை அறிந்த ஷூமனுக்கே அப்படித் தோன்றியதென்றால், உங்கள் ஆசிரியைக்கு மெட்டல் இரைச்சலாகத் தோன்றுவதில் குற்றம் காண எனக்கு மனமில்லை.

கேள்வி: மெட்டல் டிரம்மர்கள் மின்னணுக் கருவி பொருத்தி ஏமாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் குறிப்பிடுவது ‘டிரிகர்’ என்ற உணரி. பேஸ் டிரம்மின் தோலில் அடி விழுந்ததும் பதிவுசெய்து வைத்த ஒலியை அது எழுப்பும். ஆகவே சோர்ந்த காலின் அடியும் வலுவான அடியும் ஒரே அளவில் கேட்கும். பலத்தில் அது உதவுகிறது; காலத்தில் உதவாது. ஒவ்வோர் அடியும் கூர்மையாகக் கேட்பதால் பிசகு இன்னும் வெளிப்படையாகவே தெரியும். பியானோவும் இத்தகைய உதவியால் வளர்ந்ததுதான். 1821-இல் எரார் நிறுவனம் காப்புரிமை பெற்ற பொறியமைப்பில், கட்டை முழுவதும் மேலே எழும் முன்பே அதே ஸ்வரத்தை மீண்டும் தட்ட முடிந்தது. லிஸ்ட் எழுதிய அதிவேக மறுதட்டல்கள் அந்தப் பொறியின் துணையால் சாத்தியமாயின. அதை யாரும் ஏமாற்று என்பதில்லை.

ஒலிப்பதிவுக்கூடத்தில் கணினி கொண்டு அடிகளை நகர்த்திச் சரிசெய்வது வேறு விஷயம். அது நடக்கிறது, சில இசைத்தட்டுகள் அதனால் உயிரிழந்தும் போயின. ஆனால் ஒட்டுவேலை அங்கு மட்டும் இல்லை. 1964-இல் மேடையை விட்டே விலகிய பியானோ மேதை கிளென் கூல்ட், பல பதிவுகளை வெட்டி ஒட்டி ஒன்றாக்குவதை வெளிப்படையாகவே ஆதரித்தவர்.

கேள்வி: பியானோவோடு கிட்டாரும் பழகுகிறேன். டிரெமலோ பிக்கிங்கில் (ஒரே ஸ்வரத்தைப் பிக்கால் மேலும் கீழும் விரைந்து மீட்டுவதில்) 180 தட்டைத் தாண்டினால் முன்கை கல்லாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ‘எர்ல்கோனிக்’ பாடலுக்குப் பியானோ வாசிப்பவர்களைக் கேளுங்கள், வலக்கையில் தட்டுக்கு மூன்றாக இடைவிடாது வரும் ஸ்தாயி இடைவெளித் தட்டல்களில் அவர்கள் படும் பாடும் இதுவே. இரண்டு இரண்டாகத் தட்டும் எளிய வடிவம் ஒன்றையும் ஷூபர்ட்டே எழுதினார். 1832-இல் பகானினியின் வயலினைக் கேட்டு மனம் கலங்கிய இருபது வயது லிஸ்ட், அன்றாடம் நான்கைந்து மணிநேரம் மூன்றாம், ஆறாம் இடைவெளிகளையும் டிரெமலோவையும் மறுதட்டலையும் பழகுவதாகக் கடிதம் எழுதினார். ஆனால் லிஸ்டைப் பின்பற்றும் முன் ஷூமனையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டுகளில் வலக்கை விரல் கெட்டு, பியானோ கலைஞராகும் கனவையே அவர் கைவிட நேர்ந்தது.

முன்கை இறுகுகிறதென்றால் மணிக்கட்டு செய்யவேண்டிய வேலையை முழங்கை செய்கிறது என்று பெரும்பாலும் பொருள். தட்டுகளை அளந்து ஒலிக்கும் மெட்ரோனோமை 120-க்கு இறக்குங்கள். பிக் முனை கம்பிக்குக் கீழே ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பாருங்கள். ஒரு நிமிடம் இறுக்கமின்றி ஓடிய பின்பே நான்கு தட்டு ஏற்றுங்கள். களைப்பு இயல்பானது, வலி அப்படியன்று. வலித்த நாளில் பியானோவுக்கும் சேர்த்து ஓய்வு கொடுங்கள். மறுநாளும் வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.