தம்பி தட்டிப் பார்த்தே பழகுகிறான், இவள் தொடவே பயப்படுகிறாள்

பி.காம். முடித்த மகளுக்கு ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே புது மென்பொருள் என்றதும் தயங்குகிறாள். ‘பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படாதோ, பி.எட். சேர்த்துவிடலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். பி.எட். நல்ல படிப்புதான். ஆனால் கம்ப்யூட்டருக்குப் பயந்து அதில் சேர்க்க வேண்டாம், அம்மா.

அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வந்தால் யார் எதைப் பார்த்து ஏற்கிறார்கள் என்று விஸ்வநாத் வெங்கடேஷ், மைக்கேல் மாரிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 342 ஊழியர்களை ஐந்து மாதம் கவனித்து 2000-இல் எழுதினார்கள். ‘என் வேலைக்கு இதனால் என்ன பயன்’ என்பதே ஆண்களுக்குப் பெரிதாக இருந்தது. பழக எளிதா, கூட இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பெண்கள் கூடுதலாக எடை போட்டார்கள். அடுத்தவர் பேச்சுக்கு இருந்த மதிப்பும் நாளாக ஆகக் குறைந்தது. அது திறமையை அளந்த ஆய்வு அல்ல. தவிர, அதே இருவர் இன்னொருவருடன் சேர்ந்து 2005-இல் எழுதியதில், இளவயது ஊழியர்களிடம் இந்த ஆண் பெண் வித்தியாசமே மங்கலாகத்தான் தெரிந்தது.

அப்புறம் ஏன் இந்தப் பயம்? வீட்டு லேப்டாப் இதுவரை யார் மடியில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் நாட்டில் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 33 சதவீதம். தம்பி கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றிருப்பான். அவள் கெடுத்திருந்தால் திட்டு விழுந்திருக்கும் (கோபிக்காதீர்கள், எங்கள் வீட்டிலும் இதே கதைதான்).

சேர இன்னும் ஒரு மாதம் இருக்கிறதல்லவா? லேப்டாப்பை அவளிடமே கொடுத்துவிடுங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கல்விப் பயன்பாட்டு முறையில் பணம் கட்டாமலே திறக்கலாம். மாதத்தில் சில தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும் என்றாலும் பழக அது போதும். பொய்யாக ஒரு கம்பெனி உருவாக்கி, உங்கள் வீட்டு மளிகைக் கணக்கையே வவுச்சராகப் போடட்டும். தப்பாகப் போட்டதை அழித்துத் திரும்பப் போடட்டும். அந்தப் பழக்கம்தான் முக்கியம். நிறுவனத்தின் மென்பொருள் வேறாக இருக்கலாம். ஆனால் பற்று வரவு எங்கேயும் ஒன்றுதான், அதை அவள் மூன்று வருடம் படித்திருக்கிறாள்.

வேலையில் சேர்ந்ததும், பழகிப் பார்க்கத் தனி லாகின் உண்டா என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சந்தேகம் கேட்க வெட்கப்பட வேண்டாம். சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டால் அதையே இரண்டாவது முறை கேட்க வேண்டியிருக்காது. தம்பியிடமும் ஒரு வார்த்தை: அக்கா தடுமாறும்போது மவுஸைப் பிடுங்கக் கூடாது.