சம்பளம் உங்களுடையது, ஏ.டி.எம். கார்டும் உங்களுடையது

கேள்வி: எனக்கு வயது 29. குடியாத்தம் அருகே ஒரு கிராமம். பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். நான்கரைக்கு எழுந்து சமைத்து, துவைத்து, மூன்று வயது மகளைக் குளிப்பாட்டிவிட்டு ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேனைப் பிடிக்கிறேன். இரவு திரும்பினால் காலையில் போட்ட பாத்திரம் அப்படியே கிடக்கும். கணவரும் வேலைக்குப் போகிறார். ஆனால் வீட்டில் எனக்கு எந்த உதவியும் செய்வதில்லை. என் ஏ.டி.எம். கார்டு அவரிடம் இருக்கிறது. நாப்கின் வாங்கவும் அவரிடம் கையேந்த வேண்டும். என் நகையில் எட்டு சவரனை என்னைக் கேட்காமல் அடகு வைத்துவிட்டார். என் சம்பளத்தில் கட்டிய சீட்டை எடுத்து அவர் பெயரில் மனை வாங்கியிருக்கிறார். “இன்னொரு பிள்ளையைப் பெற்றுக்கொண்டு வேலையை விடு” என்கிறார் மாமியார். எதிர்த்துப் பேசினால், “இது என் அம்மா வீடு, வெளியே போ” என்கிறார் கணவர். விவாகரத்து எனக்கு வேண்டாம். மனுஷியாக வாழ வழி இருக்கிறதா?

பதில்: பாத்திரம் துலக்கும்படி கணவருக்கு உத்தரவிடும் சட்டப்பிரிவு எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதிய மற்ற எல்லாவற்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. விவாகரத்து கேட்காமலே அதைப் பெறலாம்.

வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞரான என்னைப் பார்க்க வரும் பெண்கள் பலர், “அடிக்கவெல்லாம் மாட்டார் மேடம்” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அடி விழுந்தால்தான் வன்முறை என்று நம் பெண்களை நம்பவைத்திருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் பொருளாதார வன்முறையையும் வன்முறை என்றே சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ் நிரப்பும் அறிக்கைப் படிவத்தைப் பாருங்கள்: சம்பளத்தைப் பறித்துக்கொள்வது, சம்பளத்தைச் செலவழிக்க விடாதது, வேலைக்குப் போவதைத் தடுப்பது, குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றுவது என்று ஒவ்வொன்றும் அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போல இருக்கும்.

வீட்டைப் பற்றிய பயத்தை விடுங்கள். திருமணமாகிக் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை உங்களுக்கு உண்டு (அதே சட்டத்தின் பிரிவு 17). வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அது ‘பகிர்ந்து வாழும் இல்லம்’, அதாவது இந்த உரிமை பொருந்தும் வீடு, ஆகலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாமியார் முறையாக வழக்குப் போட்டால் அது வேறு கதை. வாய்ச்சொல்லால் உங்களை வெளியேற்ற முடியாது. ஆகவே கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். அடிக்கக் கை ஓங்கினால் மட்டும் குழந்தையோடு உடனே வெளியேறுங்கள்.

நகை உங்கள் சீதனம், அதாவது உங்களுக்கு மட்டுமே சொந்தமான சொத்து. 1985 முதல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லி வருகிறது; 2024-இலும் சொன்னது. கஷ்ட காலத்தில் கணவர் பயன்படுத்தினாலும் திருப்பித் தரக் கடமைப்பட்டவர். கல்யாணப் போட்டோ, நகைக்கடை பில், கிடைத்தால் அடகு ரசீது, எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து உங்கள் அம்மாவுக்கு அனுப்பிவையுங்கள்.

மனை விஷயம் கடினமானது. கோவாவில் இருப்பது போல, கணவன் மனைவி இருவருக்கும் சொத்தில் சரிபாதி என்ற சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தந்த தீர்ப்பை நினைவில் வையுங்கள். வெளியே சம்பாதிக்காமல் வீட்டைக் கவனித்த மனைவிக்கும், கணவர் வருமானத்தில் வாங்கிய சொத்தில் சமபங்கு உண்டு என்றது அது. தனி நீதிபதி தீர்ப்புதான். ஆனாலும் வீட்டு வேலையை உழைப்பாகவே மதித்த தீர்ப்பு. உங்களுக்கோ சம்பளமும் இருக்கிறது. சீட்டுக் கட்டிய காலத்து வங்கிக் கணக்கு விவரத்தை அச்சிட்டு வாங்கிவையுங்கள்.

இன்னொரு பிள்ளை வேண்டுமா என்பது உங்கள் முடிவு. மகப்பேறு குறித்த தேர்வு பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெற்றுக்கொள்ள நீங்களே விரும்பினாலும் வேலையை விடத் தேவையில்லை: இரண்டாவது குழந்தைக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அந்தத் தொகை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு வழியாக வரும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

அவர் ‘உதவி’ செய்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவுவது உங்களுக்குச் செய்யும் உதவி எப்படி ஆகும்? அந்தக் குழந்தை அவருக்கும் மகள்தானே? குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் நீங்கள் மனு போட்டால், அதை விசாரிக்கும் நீதிமன்றம் இருவரையும் ஆலோசகரிடம் அனுப்பலாம் (பிரிவு 14). அங்கே சமரசம் எழுதும்போது வீட்டு வேலைப் பங்கீட்டையும் எழுதச் சொல்லுங்கள். நான் நடத்திய ஒரு வழக்கில், குழந்தையை அங்கன்வாடிக்கு அழைத்துப்போவதும் இரவுப் பாத்திரமும் கணவர் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். முதலில் முறைத்தார். இப்போது செய்கிறார் என்று அந்தப் பெண்ணே வந்து சொன்னார்.

மனுவைக் குடியாத்தம் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் செய்யலாம். வழக்கறிஞர் கட்டணத்துக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு; அதற்கான தொலைபேசி எண் 15100. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் வாய்தா தள்ளும். அதனால் முதல் மனுவோடு, வழக்கு முடியும்வரை செல்லும் இடைக்கால உத்தரவும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டாவது வங்கிக்குப் போங்கள். பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துப்போங்கள். பழைய கார்டை முடக்கிப் புதியது கேளுங்கள். கணக்கோடு இணைந்த செல்போன் எண் அவருடையதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். அன்று மாலை வீட்டில் சத்தம் எழும். 181 என்ற மகளிர் உதவி எண்ணைச் செல்போனில் பதிந்துவையுங்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.