கண்ணில் சுண்ணாம்பு, முழங்காலில் ஊசி: ஸ்டெம் செல் கேள்விகள்

இரத்த ஆய்வுகூடத்தில் 30 வருடம் நுணுக்குக்காட்டி பார்த்து ஓய்வுபெற்றவன் நான், டொக்டர் இல்லை. ஸ்டெம் செல் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுதான், இங்கே திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து மூதூர் வரை கேள்விகள் வந்துவிட்டன. முடிந்ததை எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு மாணவி: சேர், ஸ்டெம் செல் எப்படி வேலை செய்கிறது?

வாழைக் கிழங்கை நினையுங்கள், மகள். குலை தள்ளிய மரத்தை வெட்டினாலும் கிழங்கு மண்ணுக்குள் இருந்து புதுக்குட்டி விடும், தானும் மிஞ்சும். ஸ்டெம் செல்லும் அப்படித்தான். பிரிந்து வருவதில் ஒன்று தோலாகவோ இரத்தமாகவோ மாறும், மற்றது ஸ்டெம் செல்லாகவே இருக்கும். என்பு மச்சையில் இருப்பவை ஓயாமல் இரத்தம் செய்கின்றன. மச்சை மாற்று சிகிச்சை நம்பகமாக நடப்பதற்கும் அதுதான் காரணம். அதற்கு வழிகாட்டிய டொனால் தோமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர்ஸ் ஹில்லிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்தியாவில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் சவ்வு வளரும் என்கிறார்கள். காணியை ஈடு வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. சிலருக்கு நோ குறைந்ததாகச் சொல்வார்கள், ஆனால் தேய்ந்த சவ்வு, அதாவது குருத்தெலும்பு, பழையபடி வளர்வதாக உறுதியான சான்று இல்லை. இப்படிப்பட்ட கிளினிக்குகளில் ஆபத்தும் உண்டு: அமெரிக்காவின் புளோரிடாவில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் என்று சொல்லிக் கண்ணுக்குள் ஊசியாக ஏற்றி, மூன்று பெண்களின் பார்வை பறிபோன செய்தி 2017இல் மருத்துவ இதழில் வந்தது. சிகிச்சைக்கு ஆளுக்கு 5,000 டொலர் வாங்கியிருந்தார்கள். உண்மையான ஆராய்ச்சியில் நோயாளியிடம் பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு அக்கா: கணவர் மேசன். சுண்ணாம்பு தெறித்து ஒரு கண் வெள்ளையாகிவிட்டது. இனி வழி உண்டா?

இருக்கலாம் அக்கா. ஸ்டெம் செல் நன்றாகக் கைகொடுத்த இடங்களில் இதுவும் ஒன்று. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில்தான் கண்ணின் மேற்படலத்தைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் வட்டமாக இருக்கின்றன. சுண்ணாம்பு அந்த விளிம்பை எரித்துவிட்டால் வெள்ளைவிழியின் தோலும் இரத்தக் குழாய்களும் கருவிழிமேல் படர்ந்து மூடிவிடும். கண்தானத்தில் பெயர்போன நாடு நம் இலங்கை, ஆனால் இப்படிப்பட்ட கண்ணில் தானக் கருவிழியை மட்டும் வைத்தால் நிலைக்காது. முதலில் விளிம்பைச் சரிசெய்ய வேண்டும்.

நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சின்னத் துண்டு எடுத்து, ஆய்வுகூடத்தில் வளர்த்து வைக்கும் முறைக்கு ஐரோப்பா 2015இல் அனுமதி கொடுத்தது. ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனைக்காரர் இன்னும் எளிதாக்கினார்கள். எடுத்த துண்டைப் பொடியாக நறுக்கி, பனிக்குடச் சவ்வை (வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) கண்மேல் விரித்து அதன்மேல் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ஆய்வுகூடமே வேண்டாம், கண்ணிலேயே வளர்கிறது! 2012இல் வெளியான முறை இது. மற்றக் கண் நல்லதாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். கண் கிளினிக்கில் ‘விளிம்பு ஸ்டெம் செல் போய்விட்டதா’ என்று நேராகக் கேளுங்கள்.

அப்புறம், வேலைத்தலத்தில் உள்ள மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். சுண்ணாம்போ சீமெந்தோ பட்டால் முதலில் கண்ணைத் திறந்து பிடித்து அரை மணித்தியாலம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதற்குப் பிறகு.

நிலாவெளியிலிருந்து: அப்பாவுக்கு மாரடைப்பு வந்து மூன்று வருடம். இதயத்தைப் புதுப்பிக்கலாமா?

இன்னும் இல்லை. இதயத் தசை இளவயதிலேயே வருடத்துக்கு 1 சதவீதம் அளவுதான் புதுப்பிக்கப்படுகிறது. செத்த இடம் தழும்பாகிவிடும். ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் அப்பா மருந்தை நிறுத்தக்கூடாது.

ஒரு மீனவர்: சீனி வருத்தம். சிப்பி வெட்டிய கால்புண் ஒரு மாதமாக ஆறவில்லை. ஸ்டெம் செல் போடலாமா?

ஐயா, ஸ்டெம் செல்லை விடுங்கள். ஒரு மாதம் என்பது கூடிப்போய்விட்டது. நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். புண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தாலோ நாற்றமடித்தாலோ இன்றிரவே போங்கள்.