அரிய பரம்பரை நோய்க்குப் பெரிய மருத்துவமனை ஒன்று போதாதா, தனி நெட்வொர்க் எதற்கு?

கேள்வி இதுதான்: பரம்பரையாக வரும் அரிய நோய்களுக்கென்று சிறப்பு மருத்துவமனைகளை ஒன்றோடொன்று இணைத்து நெட்வொர்க் அமைக்கிறார்களே, எல்லா வசதியும் உள்ள ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனால் போதாதா?

போதாது. என் தம்பிக்கு ஃபேப்ரி என்ற அரிய பரம்பரை நோய். எட்டு வயதில் உள்ளங்கையும் பாதமும் எரிகிறது என்று அழ ஆரம்பித்தான், என்ன நோய் என்று தெரிந்தபோது அவனுக்கு வயது 21. இடையில் 13 வருடமும் நாங்கள் ஏறி இறங்கியதெல்லாம் பெரிய மருத்துவமனைகள்தான். ஒருவர் வளர்கிற வயதில் வரும் வலி என்றார், இன்னொருவர் மூட்டு வாதமாக இருக்குமோ என்று பார்த்தார், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே வந்ததால் கடைசியில் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் சொல்கிறான் என்று மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவனுக்கு வியர்க்கவே வியர்க்காது. விளையாடிவிட்டு வந்தால் முகம் சிவந்து உடம்பு அனலாகக் கொதிக்கும். இதை ஒவ்வொரு டாக்டரிடமும் சொன்னோம், கையெரிச்சலையும் இதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஒரு கண் டாக்டர்தான் கருவிழியில் சுழல் சுழலாகக் கோடுகள் இருப்பதைக் கவனித்து, "இதை நான் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன், உடனே ஒரு மரபணு நிபுணரைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தார்.

அதற்கு முன் பார்த்த டாக்டர்கள் மேல் எனக்கு அப்போது கோபம் இருந்தது, இப்போது இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் வராத நோய் அரிய நோய். அப்படிப்பட்டவை 6,000-க்கும் மேல் இருக்கின்றன, பத்தில் ஏழுக்கு மேல் மரபணு சார்ந்தவை. மொத்தமாகக் கூட்டினால் உலகத்தில் 30 கோடிப் பேர், ஆனால் ஏதோ ஒரு நோயை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால் ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம். ஆயிரம் படுக்கை இருந்தாலும் அங்கே அந்த நோயோடு இதுவரை யாரும் வந்ததில்லை என்றால், அந்தக் கட்டடத்துக்குள் யாருக்கும் அனுபவம் இல்லை என்றுதான் அர்த்தம்.

அப்புறம் இன்னொரு சிக்கல். ஃபேப்ரியில் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் ஏ என்ற என்சைம் குறைவாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது, அதனால் ஒரு வகைக் கொழுப்பு செல்களுக்குள் வருடக்கணக்காகச் சேர்ந்துகொண்டே போய் நரம்பு, சிறுநீரகம், இதயம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் என்று எல்லா இடத்தையும் கெடுக்கும். 1898-ல் இதை முதலில் விவரித்தவர்கள் இரண்டு பேர், ஜெர்மனியில் ஜோஹன்னஸ் ஃபேப்ரி, இங்கிலாந்தில் வில்லியம் ஆண்டர்சன், இருவருமே தோல் நோய்களைப் பார்த்த டாக்டர்கள். அவர்கள் கண்ணில் பட்டது தோலில் இருந்த சிவப்புப் புள்ளிகள். பெரிய மருத்துவமனையில் இன்றும் அதேதான் நடக்கிறது, ஒவ்வொரு பிரிவும் தன் உறுப்பை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பிரிவுக்கு அனுப்பும், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இருக்காது.

சிறப்பு மையத்துக்குப் போன முதல் நாள் எங்களிடம் கேட்டது ஸ்கேன் அல்ல, குடும்பத்தில் யார் யார், யாருக்கு என்ன உடம்பு, யார் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்ற விவரம். ஒரு மணி நேரம் அதையே எழுதினார்கள். ஃபேப்ரிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவுக்கு நோய் இருந்தால் மகள்கள் எல்லோருக்கும் அந்த மரபணு போகும், மகன்களுக்குப் போகாது. அம்மாவிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் அம்மாவுக்குச் சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்ததை அதுவரை ரத்த அழுத்தத்தால் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பெண்கள் நோயைக் கடத்துவார்களே தவிர அவர்களுக்கு ஒன்றும் செய்யாது என்ற பழைய நினைப்பு இன்னும் பல டாக்டர்களிடம் இருக்கிறது, அது தவறு. அம்மாவைப் பரிசோதித்தார்கள், பிறகு பெரியம்மாவை, பெரியம்மாவின் மகள் வயிற்றுப் பேரனை. தம்பி ஒருவனுக்காகப் போய் நான்கு பேருக்குத் தெரிந்தது. அந்தப் பேரனுக்கு அப்போது ஆறு வயது, சிறுநீரகம் முழுசாக இருக்கும்போதே கண்காணிப்பு தொடங்கிவிட்டது. தம்பிக்கு அது கிடைக்கவில்லை.

சரி, ஒரு நல்ல மையம் இருந்தால் போதுமே, நெட்வொர்க் எதற்கு என்று அடுத்து கேட்பீர்கள். மையங்களை இணைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான சான்று, ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோயான ஹீமோஃபிலியாவில் இருக்கிறது. அமெரிக்காவில் 1970-களின் நடுவில் அரசு நிதியோடு ஹீமோஃபிலியா மையங்களை அமைத்து இணைத்தார்கள். கிட்டத்தட்ட 3,000 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2000-ல் வெளியான ஆய்வில், அந்த மையங்களில் சிகிச்சை பெற்றவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது. இத்தனைக்கும் மையங்களுக்கு வந்தவர்களில்தான் நோய் முற்றியவர்கள் அதிகம். நுரையீரலைக் கெடுக்கும் இன்னொரு பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸிலும் இப்படித்தான், 1960-களிலிருந்தே அமெரிக்க மையங்கள் எல்லா நோயாளிகளின் விவரத்தையும் ஒரே பதிவேட்டில் சேர்த்துவந்தன, 2006-ல் ஒவ்வொரு மையத்தின் பலன்களையும் வெளிப்படையாகவே போட்டுவிட்டார்கள். யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தானே மற்றவர்கள் போய்க் கற்றுக்கொள்ள முடியும்.

ஐரோப்பாவில் இதை நோய்வகை வாரியாகச் செய்திருக்கிறார்கள். 2017 மார்ச்சில் 24 நெட்வொர்க்குகள் தொடங்கின, 300-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில் இருந்து 900-க்கும் அதிகமான பிரிவுகள் சேர்ந்தன. பரம்பரை வளர்சிதை மாற்ற நோய்களுக்கு ஒன்று, தசை-நரம்பு நோய்களுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று என்று. எனக்கு இதில் பிடித்தது, நோயாளி நாடு நாடாக அலைய வேண்டாம் என்பதுதான். உள்ளூர் டாக்டர் நோயாளியின் சம்மதத்தோடு விவரங்களைப் பாதுகாப்பான தளத்தில் ஏற்றுவார், வேறு வேறு நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி ஆலோசனை சொல்வார்கள். நோயாளி அமைப்புகளுக்கும் நிர்வாகத்தில் இடம் உண்டு.

குறை இல்லாமல் இல்லை. அந்த நெட்வொர்க்கை நோயாளி நேரடியாக அணுக முடியாது, நம் டாக்டர்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரியாது, இன்னொருவரிடம் கேட்கிறேன் என்று சொல்ல மனம் வராத டாக்டரிடம் மாட்டினால் எந்த நெட்வொர்க் இருந்தும் பயனில்லை. ஆலோசனை கிடைக்கும், மருந்துச் செலவை அது ஏற்காது. 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் மருத்துவமனைகள் இதில் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகிய அரசியல் முடிவு ஒன்று எவ்வளவு அனுபவத்தை வெளியே தள்ளிவிட்டது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், உள்ளூர் டாக்டரை விட்டுவிடாதீர்கள். தம்பிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த என்சைம் டிரிப்ஸாக ரத்தநாளம் வழியே ஏற வேண்டும், அது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மருத்துவமனையில்தான் நடக்கிறது, மையத்துக்கு வருடம் ஒருமுறை முழுப் பரிசோதனைக்குப் போகிறோம். மையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த நோயோடு இப்போது எத்தனை பேர் உங்கள் பார்வையில் இருக்கிறார்கள், எங்கள் டாக்டர் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், குழந்தை 18 வயதைத் தாண்டினால் பெரியவர்கள் பிரிவில் யார் ஏற்றுக்கொள்வார்கள். மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை, நிறையப் பிள்ளைகள் சிகிச்சையிலிருந்து நழுவிப் போவது அந்த இடத்தில்தான்.

அவசரக் கடிதம் ஒன்றும் கேட்டு வாங்குங்கள். தம்பி பர்ஸில் வைத்திருப்பது ஒரு பக்கம்தான். நோயின் பெயர், மருந்து, மையத்தின் தொலைபேசி எண், அதன் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: வயது குறைவு என்பதால் பக்கவாத அறிகுறிகளை ஒதுக்க வேண்டாம். போன வருடம் ஒரு நாள் நடு இரவில் அவனுக்கு நாக்கு குழறி வலது கை மரத்துப்போனது. பணியில் இருந்த இளம் டாக்டர் ஃபேப்ரி என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை, கடிதத்தைப் படித்துவிட்டு உடனே மூளை ஸ்கேனுக்கு அனுப்பினார், அவன் உள்ளே இருக்கும்போதே மையத்துக்குப் போன் செய்து பேசிக்கொண்டிருந்தார்.