தூதராக வேண்டுமென்றால் தேர்வா, கட்சியா?

கேள்வி: என் மகள் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறாள். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டைப் பற்றிப் படித்த நாளிலிருந்து தானும் தூதராக வேண்டும், பிறகு நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும் என்கிறாள். அதற்காக இப்போதே ஒரு கட்சியின் மாணவர் அணியில் சேரட்டுமா என்று கேட்கிறாள். தேர்வு, அரசியல் இரண்டில் எது முதலில்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தேர்வுதான் முதலில் அம்மா. காரணம் விஜயலட்சுமியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அவர் எந்தத் தேர்வும் எழுதியவர் இல்லை. வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்து சொல்லிக்கொடுத்த படிப்புதான். 1937இல் ஐக்கிய மாகாணத்தில் உள்ளாட்சி, பொதுச் சுகாதாரத் துறைகளின் அமைச்சரானார். சுதந்திரப் போராட்டத்தில் மூன்று முறை சிறை சென்றார். 1944இல் கணவர் ரஞ்சித் பண்டிட் இறந்தபோது மூன்று பெண் பிள்ளைகளோடு சொத்துத் தகராறையும் சந்தித்தார்.

1946ஆம் ஆண்டை உங்கள் மகள் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த ஆண்டு ஐ.நா. பொதுச் சபைக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று வேலி போட்ட சட்டத்தை அவர் சபையில் எழுப்பினார். அந்த இந்தியர்களில் பலர், சென்னையில் கப்பலேறி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர், தெலுங்கரின் பிள்ளைகள். அது தங்கள் உள்நாட்டு விவகாரம் என்று வாதாடினார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். தீர்மானம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆதரவு 32, எதிர்ப்பு 15, ஏழு நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, அவை கணக்கில் சேராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆதரித்த ஒரே ஒரு நாடு எதிர்ப்பக்கம் போயிருந்தால் தீர்மானம் விழுந்திருக்கும். வென்ற கையோடு அவர் ஸ்மட்ஸிடம் போய், தன் பேச்சு மனத்தைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கும்படி கேட்டார். காந்தி சொல்லி அனுப்பியது அப்படி. எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காத பாடம் இது.

ஆனால் அந்த இடத்துக்கு அவரை அனுப்பியவர்கள் யார்? அண்ணன் நேருவும் அவர் கட்சியும். திறமை இல்லாமல் 1953இல் பொதுச் சபையின் முதல் பெண் தலைவராகியிருக்க முடியாது. அழைப்பு இல்லாமல் அந்தச் சபைக்குள்ளேயே போயிருக்க முடியாது. அண்ணன் பிரதமர் என்பது எல்லாக் கதவையும் திறந்துவிடவுமில்லை. 1947 முதல் மாஸ்கோவில் தூதராக இருந்தவரை ஜோசப் ஸ்டாலின் ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. அடுத்து அங்கே போன, திருத்தணியில் பிறந்த பேராசிரியர் ராதாகிருஷ்ணனைச் சந்தித்தார்!

இன்றும் அரசு தான் விரும்பும் அரசியல்வாதியைத் தூதராக அனுப்பலாம். அதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. எதிர்த் திசையில், தேர்வெழுதிப் பணியில் சேர்ந்து பிறகு அரசியலுக்குப் போவதுதான் சுலபம். மீரா குமார் 1973இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். மாட்ரிட், லண்டன் என்று வேலை பார்த்தார். 1985இல் பிஜ்னோர் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனார். 2009இல் அதன் முதல் பெண் சபாநாயகரானார். அவரும் மத்திய அமைச்சராக இருந்த ஜெகஜீவன் ராமின் மகள் என்பதை மறைக்கவில்லை. ஆனால் பணியில் சேரும் தேர்வு யார் எழுதினாலும் தேர்வுதான்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெளியுறவுப் பணிக்கும் ஆள் எடுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கு, எழுதும் ஆண்டின் ஆகஸ்ட் 1 அன்று 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு உச்ச வயது 32, ஆறு வாய்ப்பு. ஓ.பி.சி. என்றால் 35, ஒன்பது வாய்ப்பு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 37 வரை, அவர்களுக்கு வாய்ப்பில் எண்ணிக்கை வரம்பில்லை. இறுதியாண்டு மாணவர்கள் முதல்நிலைத் தேர்வை எழுதலாம். அதன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். நம் பிள்ளைகள் அடிக்கடி சறுக்கும் இடம் சான்றிதழ். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பணி விருப்ப வரிசையில் வெளியுறவை முதலில் குறிப்பிட வேண்டும். வெளியுறவுப் பணியைக் குறிக்கும் ஐ.எஃப்.எஸ். என்ற அதே மூன்றெழுத்து வனப் பணிக்கும் உண்டு. புலியோடு பேச விருப்பம் இல்லையென்றால் விண்ணப்பத்தில் கவனம் தேவை.

மாணவர் அணி? சேர்ந்திருந்ததாலேயே யாரையும் தேர்விலிருந்து தள்ளிவிட மாட்டார்கள். போராட்டத்தில் வழக்கு ஏதாவது பதிவானால், பணிக்கு முந்தைய சரிபார்ப்புப் படிவத்தில் அதை மறைக்கவே கூடாது. வழக்கைவிட மறைத்ததுதான் வேலையைப் பறிக்கும். பணியில் சேர்ந்த பிறகு கட்சி உறுப்பினராக இருக்க முடியாது. தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் வேலையை விட்டாக வேண்டும். மக்களவைக்கு 25 வயது போதும், உச்ச வரம்பு கிடையாது. அவசரப்படுத்துவது தேர்வின் வயதுக் கணக்கு மட்டுமே.

நீங்கள் கேட்காத, ஆனால் மனத்தில் இருக்கக்கூடிய ஒன்று, கல்யாணம். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண், சென்னையில் படித்த குடகுக்காரர் சி.பி. முத்தம்மா. பெண் அதிகாரி மணம் முடிக்க அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், முடித்தபின் விலகச் சொன்னால் விலக வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டு அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அரசு உயர்வைக் கொடுத்துவிட்டது. ஆனாலும் 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளை வெளுத்து வாங்கினார், அவை போயின. இன்று வெளிநாட்டவரை மணப்பதற்குத்தான் அனுமதி வேண்டும். அது ஆணுக்கும் உண்டு.