தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வேலை தருமா, பறிக்குமா? கட்சிக்காரர்கள் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது?

பிரிட்டன் ஒப்பந்தத்தால் பெங்களூரின் பீன்யா, பொம்மனஹள்ளி ஆடை ஆலைகளில் ஆள் எடுப்பு கூடும் என்று உங்கள் பாஜக நண்பரும், விவசாயமும் சிறுதொழிலும் அழியும் என்று காங்கிரஸ் நண்பரும் சொல்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். இருவரும் ஒப்பந்தத்தை ஒரே மூட்டையாகப் பார்க்கிறார்கள். அதைப் பிரித்தால் உள்ளே இருப்பது பல்லாயிரம் சரக்கு இனங்களுக்கு எவ்வளவு இறக்குமதி வரி என்று சொல்லும் அட்டவணை. எந்த இனத்துக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு தெருவில் வேலை கூடும், அடுத்த தெருவில் குறையும்.

கட்சியை வைத்து முடிவு செய்ய முடியாது. நிலைப்பாடு நாற்காலியோடு மாறுகிறது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் கையெழுத்தானது. அக்டோபர் 2 அன்று கேரளத்தில் இடதுசாரிகள் அதை எதிர்த்து மனிதச் சங்கிலி அமைத்தார்கள். ஆசியானோடு சீனா, ஜப்பான் முதலான நாடுகளும் சேரும் ஆர்செப் வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை 2012இல் தொடங்கியதும் அதே காங்கிரஸ் ஆட்சியில்தான். 2019இல் எதிர்க்கட்சியாக இருந்தபோது காங்கிரஸே அதை எதிர்த்தது. அந்த நவம்பர் 4 அன்று பாங்காக்கில் மோடி அரசு ஆர்செப்பிலிருந்து விலகியது. அதே மோடி அரசு 2022இல் அமீரகத்துடனும் ஆஸ்திரேலியாவுடனும், 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடனும் ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1993இல் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் கொண்டுவந்த வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டா, கீழவையில் 234க்கு 200 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் 132 பேர் குடியரசுக் கட்சியினர், அவருடைய சொந்தக் கட்சியினர் 102 பேர்தான். இன்று இறக்குமதி வரியை ஆயுதமாகத் தூக்குவது அந்தக் குடியரசுக் கட்சியின் டிரம்ப்.

இனி பெங்களூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பொருளை எடுத்துப் பாருங்கள்: பட்டுநூல். ராமநகரா சந்தையில் விவசாயி பட்டுக்கூட்டைக் கொட்டுகிறார். நூற்பவர் அதை ஏலத்தில் எடுத்து, வெந்நீரில் போட்டு இழை பிரிக்கிறார். ஒரு கிலோ நூலுக்கு ரகத்தைப் பொறுத்து சுமார் ஆறரை முதல் எட்டு கிலோ கூடு வேண்டும். பிறகு முறுக்குப் பட்டறை, சாயம், கடைசியில் காஞ்சிபுரத்திலோ தொட்டபள்ளாபுராவிலோ தறி. இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஆள் இருக்கிறார். ஆனால் இறக்குமதி வரி என்று வந்தால் எல்லோரும் ஒரே பக்கம் நிற்க முடியாது. சீன நூல் சீரானது, பாவில் (தறியின் நீளவாட்டு இழையில்) அறுவது குறைவு. அதனால் விசைத்தறிக்காரர் அதை விரும்புகிறார். வரி குறைந்தால் அவருக்கும் காஞ்சிபுரம் நெசவாளருக்கும் நூல் விலை இறங்கும். அதே நாளில் ராமநகராவிலும் கோலாரிலும் தமிழ்நாட்டுக் கிருஷ்ணகிரியிலும் கூடு விலை இறங்கும். விலை பிடிக்காத விவசாயி மல்பெரியை அழித்துவிட்டு வேறு பயிருக்குப் போவார். மல்பெரி வேரூன்றி முழு விளைச்சலுக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அடுத்த பட்ஜெட்டில் வரியை ஏற்றினாலும் போனவர் உடனே திரும்புவதில்லை.

வரி எப்படி ஆடியது தெரியுமா? 2011 பட்ஜெட்டில் கச்சாப் பட்டின் வரி 30 சதவீதத்திலிருந்து 5 ஆனது. 2013இல் சிதம்பரம் உள்நாட்டுப் பட்டு வளர்ப்பைக் காக்க என்று சொல்லியே அதை 15 ஆக்கினார். இடையில் 10க்கு இறங்கி, 2021இல் நிர்மலா சீதாராமன் மீண்டும் 15 ஆக்கினார். இரண்டு ஆட்சியும் ஏற்றியிருக்கிறது. இதில் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் எதுவும் சம்பந்தப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். சீனாவோடு நமக்கு அப்படி ஒரு இருதரப்பு ஒப்பந்தமே கிடையாது. ஆனால் நம் மிகப் பெரிய வர்த்தகப் பற்றாக்குறை அவர்களோடுதான், 2024-25இல் ஏறத்தாழ 99 பில்லியன் டாலர். ஒப்பந்தம் போட்டதால்தான் எல்லாம் போயிற்று என்பவர் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒப்பந்தமே காயப்படுத்தும் இடம் பெரும்பாலும் வரி விகிதத்தில் இல்லை, ‘எந்த நாட்டில் விளைந்தது’ என்ற விதியில் இருக்கிறது. குடகு மிளகு இதற்குச் சரியான உதாரணம். இலங்கையுடனான ஒப்பந்தம் 2000இல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 2,500 டன் மிளகு வரியில்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கைச் சான்றிதழோடு இங்கே வருகிறது என்பது குடகு, சிக்கமகளூர் விவசாயிகளின் நெடுநாள் புகார். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. அதற்கும் வழி இருந்தது: பில்லில் 500 என்று போட்டுவிட்டு மிச்சத்தை வேறு கணக்கில் திருப்பிவிடலாம். 2020 செப்டம்பர் 21 முதல், சலுகை வரி கேட்கும் சரக்கு எந்த நாட்டுப் பொருள் என்று சரிபார்க்கும் கேரோட்டார் விதிகள் வந்தன. சான்றிதழ் மட்டும் போதாது. சரக்கு எங்கே, எப்படி உற்பத்தியானது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். என் பார்வையில் இந்த ஒரு விதியை ஒழுங்காக அமல்படுத்துவது, பத்து ஒப்பந்தங்களை எதிர்த்து ஊர்வலம் போவதைவிட மிளகுக் கொடிக்கு அதிகம் உதவும்.

ஆடைக்கு வருகிறேன், உங்கள் பாஜக நண்பரின் வாதத்தில் பலமான பகுதி இது. ஒப்பந்தத்துக்கு முன் பிரிட்டனில் நம் ஆடைக்கு 12 சதவீதம் வரை வரி, வங்கதேசத்துக்குப் பூஜ்யம். பத்து பவுண்ட் சட்டையில் 1 பவுண்ட் 20 பென்ஸ் என்பது, பென்ஸ் கணக்கில் பேரம் நடக்கும் தொழிலில் பெரிய தொகை. அந்த இடைவெளி மூடினால் ஆர்டர் நகர வாய்ப்புண்டு. ஆனால் வாங்குபவர் முதலில் கேட்பது விலைக் குறைப்பு. மிச்சமான வரியின் ஒரு பகுதி அவர் பைக்கே போகும். மீதி வேலையாக மாற, ஆலையில் காலி மெஷினும் தையல் தெரிந்த பெண்களை நிறுத்திவைக்கும் சம்பளமும் வேண்டும். ஐடி பக்கம் கிடைத்தது வேறு. தற்காலிகமாக பிரிட்டனுக்கு அனுப்பப்படுபவர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்குச் சமூகப் பாதுகாப்புக் கட்டண விலக்கு உண்டு. செலவு குறையும், அதையே புதிய வேலை என்று எண்ணக் கூடாது.

நீங்களே சரிபார்க்க வேண்டுமானால், பொருளின் எட்டு இலக்க எச்எஸ் கோடிலிருந்து, அதாவது சுங்கத்துக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்ணிலிருந்து, தொடங்குங்கள். முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது. சுங்க வாரியத் தளத்தில் அதன் சாதாரண வரியைப் பாருங்கள். பிறகு அந்த ஒப்பந்தத்துக்கான அறிவிக்கையை (ஆசியானுக்கு 46/2011) திறந்து சலுகை வரியைப் பாருங்கள். பொருள் சலுகையே இல்லாத விலக்குப் பட்டியலில் இருந்தால் வாக்குவாதம் அங்கேயே முடிந்தது. இரண்டு வரிக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று சதவீதம்தான் என்றால் பலர் சான்றிதழ் வாங்கும் சிரமமே படமாட்டார்கள், அந்தச் சலுகை காகிதத்தில் கிடக்கும். அடுத்து வர்த்தக அமைச்சகத் தளத்தின் டிரேட்ஸ்டாட் பக்கத்தில் ஒப்பந்தத்துக்கு முன் இரண்டு ஆண்டு, பின் ஐந்து ஆண்டு இறக்குமதியை எடுங்கள். மதிப்பை மட்டும் பார்த்தால் டாலர் விலை ஏமாற்றும், அளவைப் பாருங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது அடுத்த இடத்தில். ஆசியான் இறக்குமதி கூடியது என்று கத்தரித்துக் காட்டுவார்கள். மொத்த இறக்குமதி கூடாமல், முன்பு வேறு நாட்டிலிருந்து வந்தது ஆசியானுக்கு மாறியிருந்தால் உள்ளூர் வேலை போக அது காரணமில்லை. 2012, 2017, 2022இல் எச்எஸ் கோடுகள் மாறியதையும் ஒப்பிடும்போது சரிசெய்ய வேண்டும்.

வேலை எண்ணிக்கைக்கு ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பைக் காட்டுவார்கள். அது பதிவான ஆலைகளுக்கு மட்டும். வீட்டு முற்றத்தில் இரண்டு பேரை வைத்துப் பட்டு நூற்பவர் அதில் இல்லை. வரி இறங்கிய ஆண்டில் அவர் அடுப்பை அணைத்தாலும் எந்தக் கட்சியின் எண்ணும் அசையாது. பதிவான ஆலையில் ஆட்குறைப்பு நடந்தால் சட்டப்படி ஒவ்வொரு ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சம்பளம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி வேறு திறன் கற்க உதவும் மறுதிறன் நிதியாக இன்னும் 15 நாள் சம்பளம், 45 நாளுக்குள் கணக்கில் விழ வேண்டும். இறக்குமதியால் வேலை இழந்தவருக்கென்று அமெரிக்கா 1962இல் ஒரு தனித் திட்டம் வைத்தது. 2022 ஜூலையில் அதையும் காலாவதியாக விட்டுவிட்டது. நம்மிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அடுத்த முறை நண்பர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால், ராமநகராவில் அடுப்பை அணைத்தவருக்கு உங்கள் கட்சி என்ன வைத்திருக்கிறது என்று கேளுங்கள்.